நண்டுக் கடைக்கு நாங்கள் போன ஞாயிறுகள்

என் மனைவிக்குச் சமைப்பது பிடிக்காது. சாப்பிடுவது பிடிக்கும். இதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. கலியாணமாகி வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கிழமையே என் அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

"மச்சாள், நான் காய் வெட்டித் தாறன், சட்டி பானை கழுவித் தாறன். அடுப்படியிலை மட்டும் என்னைத் தனிய விட்டிடாதேங்கோ. பிறகு நீங்கள்தான் கவலைப்படுவியள்."

அக்கா சிரிக்கவில்லை. இளம் வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர் அவர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டையும் என்னையும் பார்த்துக்கொண்டவர். எங்கள் வீடு சுத்த சைவம். மீன், இறைச்சி, முட்டை எல்லாமே அக்காவுக்கு மச்சம்தான். அதில் எதுவும் எங்கள் படலையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

நான் கூட்டிவந்தவளோ காங்கேசன்துறைக் கடற்கரையில் பிறந்தவள். தகப்பனுக்குக் கடல் தொழில். சிறு வயதிலேயே இடம்பெயர்ந்து, முகாமிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்து, கடைசியில் எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடையில் வேலைக்கு வந்தாள். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். சீனி வாங்கப் போனேன், தேயிலை வாங்கப் போனேன். வீட்டில் நெருப்புப்பெட்டி குவியத் தொடங்கியபோது அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் கலியாணத்தைத் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார், இந்த வீட்டுக்குள் மச்சம் வரக்கூடாது.

"அதுக்கென்ன மச்சாள்," என்றாள் என் மனைவி. "வெளியிலை போய்த் தின்னலாம்தானே."

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின.

வட்டுக்கோட்டையிலிருந்து காரைநகர் போய், அங்கே கரையில் 'பாதை'க்குக் காத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளோடு ஏறி நிற்கக்கூடிய பெரிய இரும்பு மிதவை அது. எங்கள் ஆட்கள் அதைப் பாதை என்றுதான் சொல்லுவார்கள். அது மெல்ல மெல்ல நகர்ந்து ஊர்காவற்றுறையில் கொண்டுபோய் இறக்கும். இறங்கியதும் கடற்கரை வீதியில் அந்தக் கடை. முன்பு நாலைந்து மேசைகளோடு தகரக் கூரையின் கீழ் இருந்தது. பிறகு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், கொழும்பிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் எல்லாம் அதன் பெயரைக் கேட்டு வரத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் வான்கள் வரிசையாக நிற்கும். நாங்கள் பழைய ஆட்கள் என்பதால் முதலாளி எங்களுக்கு எப்போதும் சன்னலோரத்து மேசையைத் தருவார். அதிலிருந்து பார்த்தால் கடலும், கடலுக்குள் நிற்கும் பழைய கோட்டையும் தெரியும்.

தொடக்கத்தில் நான் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சாப்பிடுவேன். அவளுக்கு முன்னால் நண்டுக் குழம்பு இருக்கும், முருங்கை இலை போட்டு, சிவக்கச் சிவக்க. அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் யாருக்கும் பசிக்கும். இரண்டு கையும் வேலை செய்யும். கதையும் நிற்காது. கால் ஒன்றைக் கடித்து உடைத்துக்கொண்டே எங்கள் பள்ளிக்கூட அதிபரைப்போல நடித்துக் காட்டுவாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

ஒருநாள் குழம்பைத் தொட்டு என் சோற்றில் ஒரு மூலையில் வைத்தாள். "சும்மா ருசி பாருங்கோ. பிடிக்காட்டி விடுங்கோ." நான் அதைத் தொடவில்லை. அடுத்த முறையும் வைத்தாள். மூன்றாவதோ நான்காவதோ முறை தொட்டேன். அந்த வருடம் முடிவதற்குள் எனக்கென்று தனிக் கோப்பையில் நண்டுக் குழம்பு வரத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குத் திரும்பியதும் இரண்டு பேரும் நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அக்கா ஒன்றும் கேட்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றடியில் புதுச் சவர்க்காரம் எடுத்து வைத்திருப்பார், அவ்வளவுதான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றி நாங்கள் அதிகம் கதைத்துக்கொண்டதில்லை. கதைக்கத் தோன்றுகிற ஞாயிறுகளில் அவள் நண்டோடு கணவாய்க் கறியும் கொண்டுவரச் சொல்லுவாள்.

*

முதலில் சோறு அடைக்கிறது என்றாள். அவசரமாகத் தின்கிறீர் என்று நான் பகிடி பண்ணினேன். பிறகு பாணும் அடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் இருந்தபோதே வாய்க்குள் போட்டதை விழுங்க முடியாமல் எழுந்து வெளியே ஓடினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, "ஓடு சிக்கிப் போச்சு" என்றாள். அது ஓடு இல்லை. உணவுக்குழாயில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கதிர்ச் சிகிச்சை செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள். முடி போனது, உடம்பு பாதியானது. கட்டி போகவில்லை. கடைசியில் வயிற்றில் துளை போட்டுக் குழாய் ஒன்று பொருத்தினார்கள். இனி வாயால் எதுவும் இறங்காது, எல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான்.

அக்கா அந்த வேலையை வேறு யாருக்கும் விடவில்லை. கஞ்சி காய்ச்சி, வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடித்து, ஆறவைத்து, பெரிய ஊசிக்குழலால் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வயிற்றுக்குள் விடுவார். என் மனைவி சாய்ந்து படுத்துக்கொண்டு கேட்பாள்.

"மச்சாள், இண்டைக்கு என்ன கறி?"

"கஞ்சியடி."

"நேற்றும் கஞ்சிதானே. உப்புக் காணாது."

"உனக்கு எங்கையடி உப்புத் தெரியப்போகுது," என்று அக்கா சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டுத் தானே அழுவார். அவளுக்குக் குரல் கம்மிப் போயிருந்தது. அந்தக் குரலில் சிரிப்பாள். "மச்சாள் அழாதேங்கோ, கஞ்சிக்குள்ளை விழுந்தால் உப்புக் கூடிப்போகும்."

எனக்கு அந்த நாட்களில் சாப்பாடு பெரிய தொல்லையாகிவிட்டது. அவள் முன்னால் சாப்பிட முடியாது. பின்னால் போய் ஒளித்துச் சாப்பிடவும் முடியாது, அவளுக்கு மணம் தெரியும். அடுப்படியில் அக்கா வெங்காயம் தாளித்தால் அறைக்குள்ளிருந்து, "வெண்டிக்காயோ?" என்று சத்தம் வரும். நான் நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். என் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் போனதை அவள்தான் முதலில் கண்டாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் ஒரு பின்னேரம். "ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவம்."

"எந்தக் கடைக்கு?"

"நண்டுக் கடைக்கு. வேறை எந்தக் கடைக்கு நாங்கள் போறது?"

நான் அவளுடைய வயிற்றுக் குழாயைப் பார்த்தேன்.

"நீங்கள் தின்னுங்கோ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் சாப்பிட்டு நான் பாத்து எவ்வளவு காலம்."

"என்னாலை ஏலாது. நீர் பாத்துக்கொண்டிருக்க நான் எப்பிடித் தின்னுறது?"

"நான் தின்ன நீங்கள் பருப்புச் சோத்தோடை பாத்துக்கொண்டிருக்கேல்லையே, முந்தி? அப்பிடித்தான்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "டொக்டரிட்டை கேட்டனான். விழுங்கத்தான் கூடாதாம். வாயிலை வைச்சு ருசி பாத்திட்டுத் துப்பலாமாம்."

அதைக் கேட்பதற்காகவே அவள் என்னை மருந்து எடுக்க அனுப்பிவிட்டுத் தனியே மருத்துவரோடு கதைத்திருக்கிறாள்.

*

அந்த ஞாயிறு ஓட்டோ பிடித்தோம். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்க அவளுக்குத் தெம்பு இல்லை. நல்ல நீலச் சேலை உடுத்தாள். இடுப்பில் குழாய் தெரியாமலிருக்க அக்காதான் முந்தானையை இழுத்துக் குத்திவிட்டார். தலையில் ஒரு பருத்திச் சால்வை. கைப்பையில் மடித்த சிறு துவாய் ஒன்றும் மூடியுள்ள பிளாஸ்ரிக் பேணி ஒன்றும்.

பாதையில் நிற்கும்போது காற்று அவள் சால்வையைத் தள்ளியது. அவள் பிடிக்கவில்லை. மொட்டைத் தலையோடு முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். "நல்லாக் குளிருது," என்றாள் சந்தோசமாக.

கடை முதலாளி ஓடி வந்தார். "அக்கா! எவ்வளவு காலம் கண்டு!" என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். எங்களைச் சன்னலோரத்து மேசைக்குக் கூட்டிப் போனார். அன்று கடை நிறைந்திருந்தது. பக்கத்து மேசையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். புருசன், பெண்சாதி, நாலைந்து வயதுப் பெண்பிள்ளை. தாய் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள்.

என் மனைவிதான் ஓடர் கொடுத்தாள். நண்டுக் குழம்பு, இறால் பொரியல், சொதி, சிவப்பரிசிச் சோறு. எல்லாம் எனக்கு. வந்ததும் குனிந்து ஆவியை மூக்கால் இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"பெருஞ்சீரகம் கொஞ்சம் கூட," என்றாள். "சரி, தொடங்குங்கோ."

முதல் வாய் எனக்கு இறங்கவே இல்லை. அவள் மேசையில் தட்டினாள். "ஒழுங்காச் சாப்பிடுங்கோ. நான் சும்மா வரேல்லை." சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் கேட்டாள். உறைப்பு எப்படி, நண்டு புதிதா, தசை இறுக்கமா. நான் சொல்லச் சொல்ல அவளுடைய வாயும் சேர்ந்து அசைந்தது. பழைய காலம்போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. எங்கள் அதிபர் ஓய்வுபெற்றுப் போனதை நான் சொன்னேன். அவள் அவருடைய நடையை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். நான் உண்மையாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சோறு அள்ளினேன். மாதக்கணக்கில் அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பிறகு அவள் பெரிய கால் ஒன்றை எடுத்தாள். உடைக்கக் கையில் பலம் இல்லை. நான் உடைத்துக் கொடுத்தேன். ஒரு சின்னத் துண்டுத் தசையைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். நீண்ட நேரம் மென்றாள். அவளுடைய கண்ணில் நீர் வந்தது, முகம் சிரித்தது. பேணியை எடுத்து, துவாயால் மறைத்துக்கொண்டு, துப்பினாள்.

"தெரியுது," என்றாள். "ருசி அப்பிடியே தெரியுது."

இன்னொரு துண்டு எடுத்தாள். அப்போதுதான் பக்கத்து மேசைப் பிள்ளை உரத்துக் கேட்டது.

"அம்மா, ஏன் அந்த அன்ரி சாப்பாட்டைத் துப்புறா?"

தாய் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். நாங்கள் கேட்காதமாதிரி இருந்தோம். அவள் இரண்டாவது துண்டையும் மென்று, மறைத்துத் துப்பினாள். அந்தத் தாய் கையைக் காட்டி முதலாளியைக் கூப்பிட்டாள். குனிந்து ஏதோ சொன்னாள். எங்கள் பக்கம் பார்க்காமல்தான் சொன்னாள், ஆனால் எதைப்பற்றி என்று எனக்குத் தெரிந்தது.

முதலாளி எங்களிடம் வந்து நின்றார். கை இரண்டையும் பிசைந்துகொண்டார்.

"மாஸ்ரர், குறை நினைக்கக் கூடாது. உள்ளுக்கை ஒரு அறை கிடக்கு. ஏசி போட்டு விடுறன். அங்கை ஆறுதலா இருந்து சாப்பிடலாம்."

"ஏன் தம்பி, இஞ்சை என்ன?" என்றாள் என் மனைவி.

"இல்லை அக்கா... சனம் கூட. அதுதான்."

"அந்த அறையிலை இருந்தால் கடல் தெரியுமோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சன்னல் இல்லை அக்கா."

நான் எழுந்துவிட்டேன். அந்தப் பெண்ணைப் பார்த்து என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. என் மனைவி என் கையைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை, இருந்தும் நான் நின்றுவிட்டேன்.

"விடுங்கோ. அது பிள்ளைக்குச் சோறு தீத்துது. பிள்ளை சாப்பிடாமல் விட்டிடும்."

அவள் பேணியை மூடிப் பைக்குள் வைத்தாள். விரலை எலுமிச்சைத் தண்ணீரில் கழுவினாள். "அப்ப நாங்கள் வாறம் தம்பி," என்று முதலாளியிடம் சொன்னாள். அவர் ஓட்டோ வரைக்கும் பின்னால் வந்தார்.

பாதை ஏறிப் பாதித்தூரம் வரும்வரை அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதலாளியைத் திட்டினேன், அந்தப் பெண்ணைத் திட்டினேன். அவள் கேட்டதாகவே தெரியவில்லை. பிறகு திடீரென்று தோள் குலுங்க அழத் தொடங்கினாள். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அழுது நான் கண்டதில்லை.

"விடும், அதுகளுக்கு விளங்காது," என்றேன்.

"அதுக்கில்லை," என்றாள். "அந்தக் கால் பெரிசு. இன்னும் அரைவாசிக்கு மேலை தசை கிடந்தது. விட்டிட்டு வந்திட்டன்."

*

அடுத்த கிழமை நான் தனியே போய்ப் பார்சல் வாங்கி வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மச்சாளின் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, அதோடு பார்சலில் வருவது சாப்பாடு இல்லை என்றாள். "அங்கை இருந்து தின்ன வேணும். சனத்தின்ரை சத்தத்துக்குள்ளை." அந்தக் கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அது இறங்கி மறுபடி வந்தது.

ஒரு காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்து கூப்பிட்டாள். குரல் இப்போது காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் கேட்கும்.

"காய்ச்சல் விட்டால் போவம். என்ன?"

"ஓம், போவம்."

"உள்ளறை எண்டாலும் பறவாயில்லை," என்றாள். "சன்னல் இல்லாட்டியும் பறவாயில்லை. அவரிட்டைச் சொல்லி வையுங்கோ."

நான் வெளியே வந்து மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. காரைநகருக்கும் போகவில்லை. எங்கே போனேன் என்று இப்போது நினைவில்லை.

காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு விடியற்காலையில், அக்கா அவளுடைய வாயை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கும்போது, போய்விட்டாள்.

எட்டாம் நாள் செலவு என்கிற படையலுக்கு, இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மச்சம் சாப்பிட்டவர்களுக்கு மச்சமும் படைப்பார்கள். எங்கள் வீட்டில் அது ஒருநாளும் நடந்ததில்லை. அக்கா மரக்கறிகளை நறுக்கத் தொடங்கினார். நான் அவரோடு வாதாடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனேன்.

முதலாளி என்னைக் கண்டதும் வெளியே வந்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அக்கா வரேல்லையோ மாஸ்ரர்? அந்தச் சன்னலோரத்து மேசையிலேயே இருத்துறன். ஆர் என்ன சொன்னாலும் பறவாயில்லை. எனக்கு அண்டைக்கு முழுக்க நித்திரையில்லை." நான் சட்டைப்பையில் காசைத் தேடினேன். "இப்பவும் விழுங்கக் கஷ்டமோ?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "இப்ப கஷ்டம் ஒண்டுமில்லை. ஒரு நண்டுப் பார்சல் கட்டும். பெரிய காலாப் பாத்துப் போடும்."

அவர் சந்தோசமாக உள்ளே போனார். பார்சலைக் கொண்டுவந்து தந்தபோது என் முகத்தில் இருந்த எட்டு நாள் தாடியை ஒரு தரம் வடிவாகப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. வாசற் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் விடைபெறாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு படலையடியில் நின்றேன். அக்கா விறாந்தையில் இருந்து பார்த்தார். மணம் அவருக்கு முன்னமே போயிருக்கும். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அறைக் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். போய்ப் படையல் இலையில் இருந்த பூசணிக்காயையும் பயற்றங்காயையும் ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவில் இடம் விட்டார்.

"கொண்டந்து வை தம்பி," என்றார். "ஆறப்போகுது."

நான் வைத்தேன். விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே வந்து இருவரும் காத்திருந்தோம். பிறகு திறந்து, அந்த இலையில் இருந்த நண்டை நான்தான் சாப்பிட்டேன். அதைச் சாப்பிட அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. அக்கா பக்கத்திலேயே இருந்தார். மூக்கைப் பொத்திய கையை எடுக்காமல், மற்றக் கையால் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது வருடம் ஒன்றுக்கு மேலாகிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னார், "வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாய். எங்கையாவது போய் வயிறாரச் சாப்பிட்டிட்டு வா."

போனேன். காரைநகர்க் கரையில் பாதை வந்து நின்றது. சனம் ஏறியது, பாதைக்காரர் என்னைப் பார்த்து வரச் சொல்லித் தலையசைத்தார். நான் அசையவில்லை. பாதை போய்த் திரும்பி வந்தது. மறுபடி போனது. வெயில் தலைக்கு மேலே வந்த பிறகு மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். சந்தியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன், வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக.

"சாப்பிட்டியோ?" என்று அக்கா கேட்டார்.

"ஓம்."

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பழத்தை வாங்கி வைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் எனக்கு உலை வைத்தார்.